கொலைவிலங்குத் திகில் படங்களின் பின்னணி இசை

சுறா, கரடி, எறும்பு, எலி, தேனீ, நாய் முதலிய உயிரினங்கள் மனிதரை வேட்டையாடும் கதைகளைக் கொண்ட திகில் படங்களுக்கென உருவான திரையிசை இது. 1950களில் அமெரிக்கப் படக்கூடங்களில் வடிவம் பெற்று, 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தின் வெற்றியால் உச்சத்தைத் தொட்டு, 1990 வரை இத்தாலி, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் தழைத்தது. ஜான் வில்லியம்ஸ், ஜெர்ரி கோல்ட்ஸ்மித், எனியோ மோரிகோனே, லாலோ ஷிஃப்ரின், பீனோ டொனாஜ்ஜோ போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் இவ்வகைப் படங்களுக்கு எழுதியிருக்கிறார்கள்.

இந்த இசை இரண்டு வழிகளில் வளர்ந்தது. ஒன்று, தந்தி, காற்று, தாளக் கருவிகள் சேர்ந்த ஆர்கெஸ்ட்ரா. மற்றொன்று, டிரவுட்டோனியம் தொடங்கி சிந்தசைசர் வரை வந்த மின்னணுக் கருவிகள். ஆர்கெஸ்ட்ரா விலங்குக்கு ஒரு மனத்தையும் நோக்கத்தையும் கொடுத்தது. மின்னொலியோ அதனிடமிருந்து மனிதச் சாயல் அத்தனையையும் உரித்தெடுத்தது. திரையில் வெறும் ரப்பராகவும் இயந்திரமாகவும் இருந்ததை உயிருள்ள அச்சமாக மாற்றிய பெருமை, பல படங்களில் இசைக்கே உரியது.

இசையின் பணி

விலங்கு நடிக்காது என்பதுதான் இவ்வகைப் படங்களின் அடிப்படைச் சிக்கல். பழக்கிய கரடி கேமரா முன் சாதுவாக நிற்கும். தேனீக்கு முகபாவம் கிடையாது. இயந்திர மாதிரிகளோ அடிக்கடி பழுதாகும். ஆகவே மூன்று வேலைகள் இசையின் தலையில் விழுந்தன: விலங்கு வருவதை முன்கூட்டி அறிவிப்பது, கண்ணுக்குத் தெரியாத விலங்கைக் காதால் உணரவைப்பது, விலங்கின் கண் வழியாகக் கேமரா நகரும் காட்சிகளில் அந்தப் பார்வைக்கு ஓர் உடலைத் தருவது.

இதில் இசையின் வலிமையையும் எல்லையையும் 1972இல் வந்த இரு படங்கள் காட்டுகின்றன. ‘ஃப்ராக்ஸ்’ படத்தில் தவளைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார்ந்து கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. லெஸ் பாக்ஸ்டரின் மின்னணு இசை அந்தச் சும்மா இருத்தலையே ஒரு சதியாகத் தோன்றவைத்தது. ‘நைட் ஆஃப் தி லீபஸ்’ படத்தில் சிற்றுரு வீடுகளுக்கு நடுவே சாதாரண முயல்களை ஓடவிட்டு, மெதுவசைவில் படம்பிடித்து, ராட்சத முயல்கள் என்று காட்டினார்கள். ஜிம்மி ஹாஸ்கெலின் இசை மிரட்டியபோதும் முயலின் முகம் யாரையும் நடுங்கவைக்கவில்லை. மறைத்து வைத்த விலங்குக்கு இசை உயிர் கொடுக்கும். வெளிச்சத்தில் அசடு வழிய நிற்கும் விலங்கை அதனால் காப்பாற்ற முடியாது.

முன்னோடிகள்

இம்மரபின் மூலப் படம் 1933இல் வந்த ‘கிங் காங்’. வியன்னாவில் பிறந்த மேக்ஸ் ஸ்டைனர் இதற்கு முழுநீள இசையைப் புதிதாக எழுதினார். பேசும்படம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் அது அரிய முயற்சி. தலைப்பு இசை முடிந்தபின் நியூயார்க் காட்சிகள் இசையின்றியே நகர்கின்றன. கப்பல் மூடுபனிக்குள் புகுந்து தீவை நெருங்கும்போதுதான் இசை மெல்ல எழுகிறது. விலங்கின் உலகம் தொடங்கும் எல்லையை இசையைக் கொண்டே வரைந்த முதல் பெரிய எடுத்துக்காட்டு அது. பொம்மை அளவிலான உருவத்தை அசைவு அசைவாகப் படம்பிடித்து உருவாக்கிய காங்கின் எடையும் துயரமும் ஸ்டைனரின் பித்தளைக் கருவிகளிலிருந்தும் வயலின்களிலிருந்தும் வந்தவை.

1954இல் மூன்று முக்கியப் படங்கள் வெளிவந்தன. அணுக்கதிரால் பெருத்த எறும்புகளைக் காட்டிய ‘தெம்!’ படத்துக்கு ப்ரோனிஸ்லாவ் காப்பர் இசையமைத்தார். எறும்புகளைப் பார்ப்பதற்கு நெடுநேரம் முன்பே பாலைவனக் காற்றில் அவற்றின் கிரீச்சொலி கேட்டுவிடும். யுனிவர்சல் நிறுவனத்தின் ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்தின் இசையை ஹான்ஸ் சால்ட்டர், ஹெர்மன் ஸ்டைன், இளைஞராக இருந்த ஹென்றி மான்சினி ஆகிய மூவரும் பங்கிட்டு எழுதினார்கள். நீர்வாழ் உருவம் தலைகாட்டும்போதெல்லாம் பித்தளைக் கருவிகள் அலறும் மூன்று சுரத் தொடர் ஸ்டைன் எழுதியது. விலங்குக்கென ஒரு குறுந்தொடர், அது தோன்றினால் விலங்கும் தோன்றும் என்ற வழக்கம் இங்கே உறுதிப்பட்டது.

மூன்றாவது, ஜப்பானின் ‘கொட்ஸில்லா’. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே அணிவகுப்பு இசையையும் கனத்த தாளங்களையும் எழுதியதோடு நிற்காமல், விலங்கின் உறுமலுக்கும் வழி கண்டார். டபுள் பேஸின் தந்திகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அவற்றைத் தேய்த்து அந்த ஒலி எடுக்கப்பட்டது. ஆர்கெஸ்ட்ராவின் கருவி ஒன்றே விலங்கின் தொண்டையாக மாறியது.

பறவைகளும் டிரவுட்டோனியமும்

1963இல் வெளியான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசையே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘சைக்கோ’வுக்குத் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் இதில் ஒலி ஆலோசகராகப் பணியாற்றினார். பறவைகளின் அலறலும் சிறகடிப்பும் பெர்லினில் ஆஸ்கர் சாலா, ரெமி காஸ்மன் இருவரின் கைவண்ணத்தில் உருவாயின.

அவர்கள் பயன்படுத்திய கருவி மிக்ஸ்டுர் டிரவுட்டோனியம். 1930 வாக்கில் ஃபிரீட்ரிக் டிரவுட்வைன் பெர்லினில் உருவாக்கிய டிரவுட்டோனியத்தைச் சாலா பல ஆண்டுகள் உழைத்து மேம்படுத்தியது. உலோகப் பட்டைக்கு மேலே நீளும் கம்பியை விரலால் அழுத்தினால், அழுத்தும் இடத்தைப் பொறுத்துச் சுருதி மாறும். பியானோவைப் போல நிலையான கட்டைகள் இல்லாததால் ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். பறவைக் கூச்சலைப் போல ஒலித்தும் எந்தப் பறவையின் தொண்டையிலிருந்தும் வராத ஒலி இதனால் கிடைத்தது.

பள்ளி முற்றத்துக் காட்சி இதன் நுட்பத்தைத் தெளிவாக உணர்த்தும். நாயகி வெளியே பெஞ்சில் அமர்ந்து சிகரெட் பிடிக்கிறாள். உள்ளே குழந்தைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அவளுக்குப் பின்னால், விளையாட்டுக் கம்பிகளின் மேல் ஒரு காகம் வந்து அமர்கிறது, பிறகு இன்னொன்று, திரும்பிப் பார்க்கும்போது கம்பி முழுக்கக் காகங்கள். அச்சமூட்ட ஒரு வயலின்கூட ஒலிக்கவில்லை. குழந்தைப் பாட்டின் அப்பாவித்தனமே நெஞ்சை இறுக்குகிறது. வீட்டைச் சுற்றிப் பறவைகள் நிறைந்திருக்கும் இறுதிக் காட்சியில் மங்கலான மின்னொலி ஒன்றே மௌனத்தின் இடத்தை நிரப்புகிறது.

சிந்தசைசரின் வருகை

1956இல் லூயி, பெபே பாரன் தம்பதியர் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்ற அறிவியல் புனைவுப் படத்துக்கு முழுக்க மின்னணு ஒலிகளாலேயே பின்னணி அமைத்திருந்தனர். ஆனால் அவர்கள் ஒவ்வொரு மின்சுற்றையும் தாங்களே இணைத்துக் கட்ட வேண்டியிருந்தது. 1964இல் ராபர்ட் மூக் தன் சிந்தசைசரை அறிமுகப்படுத்தியபின் இந்த வேலை எளிதாயிற்று. 1970இல் வந்த மினிமூக், இசைக்கலைஞர் ஒருவரே தூக்கிச் செல்லக்கூடியது.

இக்கருவியில் அலைவியற்றி மூல ஒலியைத் தரும். வடிகட்டி அதன் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும். உறைத் திருத்தி ஒலி எழுந்து தணியும் விதத்தைத் தீர்மானிக்கும். ஊதுபவரின் மூச்சும் வில்லிழுப்பவரின் கைநடுக்கமும் அதில் இராது. மாறாத ரீங்காரம், உலோகக் கீச்சு, இரைச்சல் ஆகியவற்றை எவ்வளவு நேரமானாலும் சோர்வின்றித் தரும். பூச்சிகளைக் காட்டும் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி கிடைப்பது அரிது.

1974இல் வடிவமைப்பாளர் சால் பாஸ் இயக்கிய ‘ஃபேஸ் ஃபோர்’ இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. அதில் எறும்புகள் பெருத்துவிடவில்லை. தங்கள் இயல்பான அளவிலேயே கூடித் திட்டமிடுகின்றன. கென் மிடில்ஹாம் எடுத்த நெருங்கிய பூச்சிக் காட்சிகளுக்கு பிரையன் காஸ்காய்னின் இசையும், ‘ஒயிட் நாய்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவிட் வோர்ஹாஸின் மின்னொலிகளும், ஜப்பானியத் தாளக் கலைஞர் ஸ்டோமு யமாஷ்டாவின் பங்களிப்பும் சேர்ந்தன. எறும்புப் புற்றுக்குள் நடக்கும் காட்சிகளில் வசனமே இல்லை; அந்தச் சமூகத்தின் மொழியாக ஒலிப்பது மின்னிசைதான். அடுத்த ஆண்டு வந்த ‘பக்’ படத்தின் பூச்சிக் காட்சிகளையும் மிடில்ஹாமே எடுத்தார். சார்ல்ஸ் ஃபாக்ஸ் அதற்கு மின்னணு இசை அமைத்தார்.

இதே காலத்தில் எதிர்த்திசையில் போன படங்களும் உண்டு. எலிகளை வளர்க்கும் தனியனின் கதையான ‘வில்லார்ட்’ (1971) படத்துக்கு அலெக்ஸ் நார்த் ஆர்கெஸ்ட்ரா இசை எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘பென்’ (1972) படத்துக்கு வால்டர் ஷார்ஃப் இசையமைத்தார். எலியை நண்பனாகப் பாவித்து மைக்கேல் ஜாக்சன் பாடிய அதன் தலைப்புப் பாடல், அவருடைய 14ஆம் வயதில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

‘ஜாஸ்’: இரண்டு சுரங்கள்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ 1975 ஜூன் 20 அன்று வெளியானது. படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் ஓயாமல் பழுதானது. அதனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுறாவைச் சரியாகக் காட்டாமலே கதையை நகர்த்த வேண்டியதாயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு ஜான் வில்லியம்ஸிடம் வந்தது.

அவர் எழுதிய சுறாவின் இசை ‘இ’, ‘எஃப்’ என்ற அடுத்தடுத்த இரு சுரங்களில் தொடங்குகிறது. இடையில் அரைச்சுர தூரமே உண்டு; நம் இசையில் சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள அதே இடைவெளி. டபுள் பேஸ்களும் செல்லோக்களும் கீழ்ஸ்தாயியில் முதலில் இரு சுரங்களை உச்சரித்து நிறுத்துகின்றன. இடைவெளி. மறுபடி இரு சுரங்கள். பிறகு இடைவெளி சுருங்கிச் சுருங்கி, ஓயாத துடிப்பாகிறது. அதன்மேல் டியூபா தன் வழக்கமான ஸ்தாயிக்கு மேலே ஏறி ஒரு தொடரை இசைக்கிறது. அதை வாசித்தவர் டாமி ஜான்சன். வில்லியம்ஸ் இந்த இசையைப் பியானோவில் முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது, அவர் விளையாடுகிறார் என்று எண்ணிச் சிரித்துவிட்டதாக ஸ்பீல்பெர்க் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த எளிமைதான் அதன் பலம். மெல்லவும் மெதுவாகவும் ஒலித்தால் சுறா தூரத்தில் இருக்கிறது. வேகமும் ஓசையும் ஏறினால் பக்கத்தில் வந்துவிட்டது. திரையில் வெறும் நீர்ப்பரப்பு இருந்தாலும் பார்வையாளர் தூரத்தைக் காதால் அளக்கிறார். அதைவிட நுட்பமானது, இந்த இசை எங்கே ஒலிக்கவில்லை என்பது. ஜூலை 4 விடுமுறை நாளில் கடற்கரையே அலறியடித்து ஓடும்போது, நீரில் தெரியும் துடுப்பு இரண்டு சிறுவர்களின் அட்டை வேலை. அங்கே சுறாவின் சுரங்கள் வரவே இல்லை. இசை பொய் சொல்லாது என்று பார்வையாளர் அறிந்துகொள்கிறார். படத்தின் பிற்பகுதியில், காவல் தலைவர் பிராடி படகிலிருந்து இரைத்துண்டங்களை வீசும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுறாவின் தலை நீரைப் பிளந்து எழுகிறது. அதுவரை கட்டிக்காத்த நம்பிக்கையை இசை அங்கே உடைத்துவிடுகிறது. திரையரங்கமே துள்ளியதற்குக் காரணம் அந்த மௌனம்.

சுறா வேட்டைப் பகுதியில் இசை வேறு முகம் கொள்கிறது. சுறாவோடு பிணைத்த பீப்பாய்களைத் துரத்தும் காட்சிகளில் பழைய கடற்கொள்ளையர் படங்களின் உற்சாகமும், சுறாவிடமிருந்து காக்கும் கூண்டைப் பொருத்தும் காட்சியில் ஒரு குரல் மற்றொன்றைத் துரத்தும் ஃபியூக் வடிவமும் ஒலிக்கின்றன. அச்சமும் சாகசக் களிப்பும் இப்படி ஒன்றாகப் பின்னியதால்தான் படம் வெறும் கொடூரமாகச் சுருங்கவில்லை. 1976இல் வில்லியம்ஸுக்கு இது ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் சிறந்த 25 திரையிசைகள் பட்டியலில் ஆறாம் இடத்திலும் இது உள்ளது.

‘ஜாஸ்’ அலையில்

வெற்றியைத் தொடர்ந்து காடு, கடல், சாக்கடை என்று எங்கும் கொலைவிலங்குகள் கிளம்பின. 1958 இசைக்கலைஞர் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஹாலிவுட் கூடங்கள் தம் நிரந்தர ஆர்கெஸ்ட்ராக்களைக் கலைத்துவிட்டிருந்தன. ஆகவே சில தயாரிப்புகள் இசைப்பதிவுக்கு லண்டன் போயின. வில்லியம் கர்ட்லர் இயக்கிய ‘கிரிஸ்லி’ (1976) படத்துக்கு ராபர்ட் ராக்லண்ட் எழுதிய இசையை லண்டனின் நேஷனல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. காட்டின் அழகை விரித்துச் சொல்லும் அந்த இசை, படத்தின் சிறு செலவுக்கு மீறிய விரிவு கொண்டது. ஓசோன் படலச் சிதைவால் வெறிகொள்ளும் விலங்குகளைக் காட்டிய கர்ட்லரின் அடுத்த படம் ‘டே ஆஃப் தி அனிமல்ஸ்’ (1977). அதற்கு லாலோ ஷிஃப்ரின் இசையமைத்தார்.

1977இல் வந்த ‘ஓர்கா’, இவ்வகையிலேயே மிக உருக்கமான இசையைக் கொண்டது. கருவுற்ற துணையை மனிதனிடம் இழந்த ஓர்கா திமிங்கிலம் பழிவாங்குவது கதை. மோரிகோனே அதற்குக் கொலைகாரனின் இசையை எழுதவில்லை. துக்கம் காக்கும் உயிரின் ஒப்பாரியை எழுதினார். பார்வையாளரின் பரிவு வேட்டைக்காரனை விட்டு விலங்கின் பக்கம் சாய்வது பெருமளவு அந்த இசையால்தான்.

இத்தாலியத் தயாரிப்பான ‘டென்டக்கிள்ஸ்’ (1977) ராட்சத ஆக்டோபஸைப் பற்றியது. ஸ்டெல்வியோ சிப்ரியானி தாம் 1973இல் ஒரு காவல்துறைப் படத்துக்குப் போட்ட மெட்டையே இதில் திரும்பப் பயன்படுத்தினார். சுறாக் கதையான இத்தாலியப் படம் ‘லுல்டிமோ ஸ்குவாலோ’வுக்கு (1981) குய்டோ, மௌரிட்ஸியோ தே ஆஞ்செலிஸ் சகோதரர்கள் இசையமைத்தார்கள். ‘ஜாஸ்’ படத்தின் நகல் என்று யுனிவர்சல் வழக்குத் தொடுத்ததால் அப்படம் அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது.

ஜோ டான்டே இயக்கிய ‘பிரானா’ (1978) படத்துக்கு வெனிஸைச் சேர்ந்த பீனோ டொனாஜ்ஜோ வந்தார். வயலின் பயின்று, பாடகராகப் புகழ்பெற்றவர் அவர். பகடி கலந்த அந்தப் படத்துக்கு அவர் கேலியின்றி, உண்மையான சோகத்தோடு தந்திக் கருவிகளைக் கையாண்டார். அதே ஆண்டு ‘தி ஸ்வார்ம்’ படத்தில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஆர்கெஸ்ட்ராவைக் கொண்டே தேனீக்கூட்டத்தின் ரீங்காரத்தை எழுப்பினார். படம் தோற்றது, இசை இன்றும் பாராட்டப்படுகிறது. வௌவால்களைப் பற்றிய ‘நைட்விங்’ (1979) படத்தில் ஹென்றி மான்சினி தம் இளமைக்காலத் திகில் மரபுக்குத் திரும்பினார்.

கலப்பும் மாற்றமும்: 1980கள்

1978இல் ஜான் கார்பென்டர் தம் ‘ஹாலோவீன்’ படத்துக்குத் தாமே சிந்தசைசரில் இசையமைத்து, சிறு முதலீட்டிலும் பேரச்சம் உண்டாக்கலாம் என்று காட்டினார். ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலித்து, அமைத்த ஒலிகளை நினைவிலும் வைத்துக்கொள்ளும் பிராஃபெட்-5 சிந்தசைசர் அதே ஆண்டு சந்தைக்கு வந்தது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. எழுபது பேருக்குக் கூலி கொடுக்க முடியாத தயாரிப்பாளருக்கு இனி ஒரு கலைஞரும் ஓர் அறையும் போதும்.

ஆனாலும் ஆர்கெஸ்ட்ரா உடனே ஒதுங்கிவிடவில்லை. நியூயார்க்கில் ஓநாய்கள் நடமாடும் ‘வுல்ஃபென்’ (1981) படத்துக்கு கிரெய்க் சாஃபன் எழுதிய இசை நிராகரிக்கப்பட, இளைஞர் ஜேம்ஸ் ஹார்னர் புதிதாக எழுதினார். வெறிபிடித்த செயின்ட் பெர்னார்ட் நாயின் கதையான ‘கூஜோ’ (1983) படத்துக்கு சார்ல்ஸ் பெர்ன்ஸ்டைன் ஆர்கெஸ்ட்ரா இசை அமைத்தார். முயலைத் துரத்தி ஓடும் நாயின் தொடக்கக் காட்சி கிராமத்து இளங்காலைபோல் இனிமையாக ஒலிப்பதால், பின்னால் அந்த நாய்க்கு நேர்வது நெஞ்சை அறுக்கிறது. அடுத்த ஆண்டே ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படத்தில் அவர் சிந்தசைசருக்கு மாறினார்.

மின்னணு வழியின் முக்கியச் சாதனை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் உருவாக்கி 1979இல் வெளியிட்ட ஃபேர்லைட் சிஎம்ஐ, நிஜ ஒலியைப் பதிந்து விசைப்பலகையில் வாசிக்கத் தரும் கருவி. ‘ஐஸ்ஹவுஸ்’ குழுவின் ஐவா டேவிஸ் இதைக் கொண்டு காட்டுப்பன்றித் திகில் படமான ‘ரேசர்பேக்’ (1984) இசையை உருவாக்கினார். இசை எது, பாலைவனக் காற்று எது, விலங்கின் மூச்சு எது என்று பிரித்தறிய முடியாத ஒலிப்பரப்பு அது. ஆர்கெஸ்ட்ராவின் தந்தியிலிருந்து உறுமலை எடுத்த இஃபுகுபேயின் எண்ணம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் கணிப்பொறி வழியே தலைகீழாகத் திரும்பியது. இப்போது நிஜ ஒலிகளே வாத்தியமாயின. சிம்பன்ஸி கதையான ‘லிங்க்’ (1986) படத்தில் கோல்ட்ஸ்மித் ஆர்கெஸ்ட்ராவையும் சிந்தசைசரையும் ஒன்றாகவே எழுதி, இரு வழிகளையும் இணைத்தார்.

இந்தியப் பாம்புப் படங்கள்

இந்தியாவில் இதற்கு நெருங்கிய மரபு பாம்புப் படங்களில் உண்டு. 1954இல் வந்த இந்திப் படம் ‘நாகின்’ திகில் படம் அன்று. பாம்பாட்டிக் குடிகளின் காதல் கதை. ஹேமந்த் குமார் இசையமைத்த அதில் எல்லோரும் மகுடி என்று நம்பிய ஒலி, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியிலிருந்தும், ரவி வாசித்த ஹார்மோனியத்திலிருந்தும் வந்தது. பழிவாங்கும் நாகத்தைக் கொண்ட 1976ஆம் ஆண்டு ‘நாகின்’ படத்துக்கு லட்சுமிகாந்த்–பியாரேலாலும், அதைத் தழுவிய தமிழ்ப் படம் ‘நீயா?’வுக்கு (1979) சங்கர்–கணேஷும் இசையமைத்தனர். மேற்கில் விலங்கின் இசை அதன் வருகையை அறிவித்தது. இங்கே மகுடியின் இசை பாம்பை வரவழைப்பது. கதையில் இசையின் இடமே வேறு.

ஒலியும் அச்சமும்

இவ்விசை ஏன் உடலைத் தாக்குகிறது என்பதற்கு உயிரியல் ஒரு விளக்கம் தருகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேனியல் பிளம்ஸ்டைன் மர்மோட் என்ற மலை அணில்களின் எச்சரிக்கைக் குரல்களை ஆராய்ந்தவர். உயிருக்குப் பயந்து அலறும்போது குரல்வளையின் ஒழுங்கான அதிர்வு குலைந்து கரகரப்பும் இரைச்சலும் சேர்கின்றன. அவரும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையாளரின் உணர்ச்சியைத் தூண்டத் திரைப்பட ஒலித்தடங்களும் இத்தகைய ஒழுங்கற்ற ஒலிகளைப் பயன்படுத்துவதற்குச் சான்று கண்டனர். வயலின் தந்தியை அழுத்தித் தேய்ப்பதும், டிரம்போனை அளவுமீறி ஊதுவதும், சிந்தசைசரின் அலையைச் சிதைப்பதும் இந்த அலறலுக்கு வெவ்வேறு வழிகளில் உருக்கொடுப்பவை. தங்கள் காதை நம்பி எழுதிய இசையமைப்பாளர்கள் இதை ஆய்வுக்கு வெகு முன்பே கண்டுகொண்டார்கள்.

மரபு

ட்ரெவர் ஜோன்ஸ் இசையமைத்த ‘அரக்னோஃபோபியா’ (1990) இந்தக் காலகட்டத்தின் எல்லையில் நிற்கிறது. அதன்பின் கணினி வரைகலை வளர்ந்து, விலங்கை வேண்டிய அளவுக்கு வெளிப்படையாகக் காட்ட முடிந்தது. காட்ட முடியாமையிலிருந்து பிறந்த இசை நுட்பங்களுக்கு இருந்த கட்டாயம் குறைந்தது.

இவ்விசைகளில் பல, படம் வெளியானபோது இசைத்தட்டாகக்கூட வரவில்லை. வரேஸ் சரபாண்ட், இன்ட்ராடா, லா-லா லேண்ட், வாக்ஸ்வொர்க் போன்ற நிறுவனங்கள் மூல ஒலிநாடாக்களைத் தேடிச் சீரமைத்து வெளியிட்டு வருகின்றன. ‘ஜாஸ்’ படத்தைத் திரையிட்டபடியே ஆர்கெஸ்ட்ரா நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. மலிவான படங்கள் என்று விமர்சகர்கள் ஒதுக்கிய பலவற்றிலும் முதல்தரக் கலைஞர்கள் முழு மனத்தோடு உழைத்திருப்பதை இந்த வெளியீடுகள் நிறுவியுள்ளன. திரையிசை வரலாற்றில் இவற்றைக் கிளைக்கதையாகப் பார்ப்பது தவறு. மின்னணு ஒலி பெரும்படங்களுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்றும், இரண்டு சுரங்களால் ஒரு பாத்திரத்தையே படைக்கலாம் என்ற பாடமும் இங்கிருந்தே வந்தன.